கறுப்புக் காருக்குத் தீர்த்தம்

"மந்திரிக்காத வண்டியில நான் ஏற மாட்டேன். ஏற மாட்டேன்னா ஏற மாட்டேன்தான்" என்றாள் மெட்டில்டா.

பர்னபாஸ் காதில் அது விழுந்ததா என்பது சந்தேகம். மனிதர் வாசலில், புதுக் காரின் பானெட்டுக்கு நேரே ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குனிந்திருந்தார். காலை வெயில் சாய்வாக விழும்போது அப்படிப் பார்த்தால்தான் கறுப்புப் பெயிண்டில் கீறல் தெரியும் என்று யூடியூபில் ஒருவன் சொல்லியிருந்தான். கீறல் இல்லை. ஒரு தூசி இருந்தது. ஊதினார். ஊதியதில் எச்சில் தெறித்துவிட்டது. அதைத் துடைக்கத் தோளில் கிடந்த மஞ்சள் துணி போதாது, அதற்கென்று தனியாக நீலத் துணி உண்டு என்று உள்ளே ஓடினார்.

"ஏங்க, உங்ககிட்டதான் பேசுறேன். ஃபாதர்கிட்ட சொன்னீங்களா இல்லையா?"

"சொல்றேன் மெட்டில்டா, சொல்றேன். என்ன அவசரம்?"

"என்ன அவசரமா? சனிக்கிழமை ஹனூர்ல நிம்மிக்குக் கல்யாணம். வெள்ளிக்கிழமை காலையில கிளம்பணும். அதுக்குள்ள மந்திரிச்சாகணும்."

நிம்மி மெட்டில்டாவின் அக்கா மகள். அக்கா வீட்டுக்காரர் உதயகுமாருக்கு ஹனூரில் நிலம் உண்டு, டிராக்டர் உண்டு, ஜீப் உண்டு. எல்லாவற்றையும்விடப் பெரிதாக வாய் உண்டு. ஒவ்வொரு முறையும் இவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அங்கேயே நின்றுகொண்டு, "வாங்க சகலை! உங்க வண்டி நல்ல நீளமா இருக்குதே, அம்பது பேர் உக்காரலாமாட்ட இருக்குது?" என்பார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். பர்னபாஸும் சிரிப்பார். மெட்டில்டா மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் நடந்துவிடுவாள். ஆஸ்பத்திரியில் ஒரு வார்டையே கண் பார்வையில் நடத்துகிற தலைமை நர்ஸ் அவள். அந்த ஒரு சிரிப்பை மட்டும் அவளால் தாங்க முடிந்ததில்லை. கார் வந்த அன்றே சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டு, "இந்தத் தடவை எங்க கார்லதான் வர்றோம்" என்று சொல்லியும் விட்டாள்.

இதில் பர்னபாஸுக்கு என்ன தயக்கம் என்று கேட்பீர்கள். தயக்கம் கடவுள் மேல் இல்லை. தண்ணீர் மேல்தான்.

கோயில் தண்ணீர் போர்வெல் தண்ணீர். உயர்நிலைப் பள்ளியில் சயின்ஸ் டீச்சரான பர்னபாஸ், அந்தத் தண்ணீரைச் சோப்பு நுரைக்காத தண்ணீருக்கு உதாரணமாக வகுப்பில் வைத்துப் பாடமே நடத்தியிருக்கிறார். குழாய் வாயில் வெள்ளையாகக் காரை கட்டித் தொங்கும். போன கிறிஸ்துமஸுக்கு அடுத்த தெரு கிறிஸ் தன் கருநீலக் காரை மந்திரித்தான். தீர்த்தம் வெயிலில் காய்ந்து, கார் முழுக்க அம்மை வார்த்த மாதிரி வெள்ளைப் புள்ளி விழுந்தது. இன்றுவரை போகவில்லை. கருநீலத்துக்கே அந்தக் கதி என்றால் கறுப்புக்கு?

ஷோரூமில் அந்தப் பெண் அப்போதே சொன்னாள். "சார், பிளாக் பேடா சார், வேணாம். மெயின்டெயின் பண்றது ரொம்ப கஷ்டம். ஒயிட் எடுங்க." மெட்டில்டாவும் வெள்ளைதான் வேண்டும் என்றாள். அவர்தான் கழுத்துப் பட்டனைச் சரிசெய்துகொண்டு, "நான் சயின்ஸ் டீச்சர்மா. பெயிண்டைப் பத்தி எனக்குத் தெரியும்" என்றார். இப்போது நினைத்தால் தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. பெயிண்டைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் பெஞ்சில் பூசினால் பேண்டில் ஒட்டும் என்பது மட்டுமே.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் காரைக் கொண்டு போனார். மெட்டில்டா மந்திரிக்காத வண்டியில் ஏறமாட்டாள் அல்லவா? அவள் முன்னால் ஆட்டோவில் போனாள். பின்னால் வந்தால் ஆட்டோ டயர் கல்லைத் தெறிக்கவிடும் என்று பர்னபாஸ் வெகுதூரம் தள்ளி, மாட்டு வண்டி வேகத்தில் காரில் வந்தார். பூசை முடியும் நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்.

ஃபாதர் கிளைவ் தெளிப்பானும் கையுமாகக் கோயிலை விட்டு வெளியே வந்தபோது, கார் கழுத்துவரை இழுத்துப் போர்த்திய கவருக்குள் நின்றுகொண்டிருந்தது.

"என்ன பர்னபாஸ், கவரைக் கழட்டலையா?"

"தூசி ஃபாதர். உள்ள என்ன இருக்குன்னு கடவுளுக்குத் தெரியாதா?"

ஃபாதர் நல்ல மனிதர். வாய்விட்டுச் சிரித்தார். ஜெபம் சொன்னார். அவருக்குத் தெளிக்கிற பழக்கம் கிடையாது, வீசுகிற பழக்கம்தான். செமினரியில் படிக்கும்போது பந்து வீசிய கை அது. சளார் சளாரென்று கவர் நனைந்தது. உள்ளே ஒரு சொட்டுப் போகவில்லை. பர்னபாஸ் மனசுக்குள் தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டு கவரை உருவிப் போட்டுவிட்டு மெட்டில்டா பக்கம் திரும்பி, முன் கதவைத் திறந்து பிடித்தார்.

மெட்டில்டா அசையவில்லை. பக்கத்தில் நின்ற மாதர் சங்கத்துப் பெண்களோடு அவள் அதற்குள் ஒரு மாநாடே நடத்தி முடித்திருந்தாள்.

"மந்திரிச்சது கவரைத்தான்" என்றாள். "கவர் மோட்சத்துக்குப் போகும். கார் போகாது. நான் கவரைப் போத்திக்கிட்டு ஹனூருக்கு நடந்து போகட்டுமா?"

"மெட்டில்டா, சும்மா பிடிவாதம் பிடிக்காதே..."

"ஆட்டோ!" என்று கை தட்டினாள் அவள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் பர்னபாஸ் ஸ்கூட்டரில் மண்டி மொஹல்லாவுக்குப் போனார். காரை அங்கே கொண்டு போகிற பைத்தியக்காரத்தனம் அவருக்கு வரவில்லை. அந்தச் சந்துகளில் மனுசனே உரசாமல் போக முடியாது. அங்கே பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் கேட்டார். காய்ச்சி வடித்த தண்ணீர்; உப்பு கிடையாது, சுண்ணாம்பு கிடையாது, காய்ந்தால் தடமே தெரியாது. இந்த யோசனை வகுப்பில் பாதிப் பாடத்தில் வந்தது. சந்தோஷத்தில் பிள்ளைகளை அரைமணி நேரம் முன்பே விளையாட விட்டுவிட்டார்.

"எந்த பேட்டரிக்கு சார்? காருக்கா, யுபிஎஸ்ஸுக்கா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"பேட்டரிக்கு இல்ல. தீர்த்தத்துக்கு."

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எதற்கு வம்பு என்று கேனைக் கொடுத்துவிட்டார்.

கோயிலில் மணி அடிப்பது, பீடம் துடைப்பது, தீர்த்த வாளி நிரப்புவது எல்லாம் ராயப்பாவின் வேலை. பர்னபாஸ் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, கேனைக் கையில் கொடுத்து, தொண்டையைத் தாழ்த்திச் சொன்னார்: "ராயப்பா, புதன்கிழமை சாயங்காலம் ஃபாதர் என் வண்டியை மறுபடி மந்திரிக்கிறாரு. அன்னைக்கு வாளியில குழாய்த் தண்ணி பிடிக்க வேணாம். இதை ஊத்திடு. யார்கிட்டயும் சொல்லாதே."

"யார்கிட்டயும் சொல்லாதே" என்று சொல்லாமல் இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ராயப்பா கேனைத் திருப்பிப் பார்த்தார். மேலே பெரிதாகப் பேட்டரி படம். நேராக ஃபாதரிடம் ஓடினார்.

பத்தே நிமிடத்தில் பர்னபாஸ் ஃபாதரின் அறையில் நின்றார். மேஜை மேல் கேன். அதிலிருந்து நாலடி தள்ளி ஃபாதர்.

"பர்னபாஸ், ராயப்பா சொல்றது உண்மையா? தீர்த்தத்துல ஆசிட் ஊத்தச் சொன்னீங்களா?"

"ஐயோ ஃபாதர், ஆசிட் இல்ல! சுத்தமான தண்ணி ஃபாதர்!" என்று பர்னபாஸ் மூடியைத் திறந்து மடமடவென்று குடித்தே காட்டினார். ராயப்பா சிலுவை போட்டுக்கொண்டார்.

பிறகு வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் கொட்டினார். போர்வெல், கால்சியம், கறுப்புப் பெயிண்ட், கிறிஸின் கார் என்று ஒன்றுவிடாமல் பாடம் நடத்தினார். ஃபாதர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். முடிவில், "சரி விடுங்க. தண்ணி எந்தத் தண்ணியா இருந்தா என்ன? இதையே மந்திரிக்கிறேன்" என்றார். பர்னபாஸுக்கு அவர் காலிலேயே விழலாம் போல இருந்தது.

புதன்கிழமை வந்தது. பர்னபாஸ் முதல் நாளே காருக்கு வாக்ஸ் பாலிஷ் போட்டு, அது காய்ந்ததும் அதன் மேல் இன்னொரு தடவை போட்டு, தேய்த்துத் தேய்த்து வலது தோள்பட்டை இறங்கிப்போய், கரும்பலகையில் இடது கையால் எழுதினார். எழுதியது பிள்ளைகளுக்குப் புரியவில்லை, அவருக்கும் புரியவில்லை. ஆனால் கார் அப்படிப் பளபளத்தது. கதவில் தன் முகத்தைப் பார்த்தே தலை சீவிக்கொள்ளலாம். சீவினார். ஒரு முடி உதிர்ந்து பானெட்டில் விழுந்ததும் நீலத் துணிக்கு ஓடினார்.

சாயங்காலம் கோயில் வாசலில் கவர் இல்லாமல் கார் நின்றது. மெட்டில்டா டியூட்டி முடிந்து வந்து, நவநாள் ஜெபத்துக்காகக் கோயிலுக்குள் போயிருந்தாள். ஃபாதர் வந்தார். வாளியில் டிஸ்டில்டு வாட்டர் தெளிவாகப் பளிங்கு மாதிரி இருந்தது. ஃபாதர் ஜெபத்தை ஆரம்பித்து, ராயப்பா நீட்டிய தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளி வாளியில் போட்டார்.

"என்ன ஃபாதர் அது?" என்றார் பர்னபாஸ்.

"உப்பு. உப்புப் போட்டுத்தானே இங்க மந்திரிக்கிறது? தெரியாதா?"

உப்பில்லாத தண்ணீருக்காக அலைந்து, மானத்தை விட்டு, கேன் தண்ணீரைக் குடித்தும் காட்டினால், அதில் கல்லுப்பு! வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஃபாதரின் கை மேலே போய்விட்டது.

சளார்!

அப்புறம் நடந்ததற்கு பர்னபாஸ் பொறுப்பில்லை. அவர் கை பொறுப்பு. பையிலிருந்த நீலத் துணி அதுவாகக் கையில் வந்தது. ஃபாதர் பானெட்டில் தெளித்தார், இவர் பின்னாலேயே துடைத்தார். ஃபாதர் கதவில் தெளித்தார், இவர் கதவைத் துடைத்தார். ஃபாதர் ஜெபித்துக்கொண்டே காரைச் சுற்ற, இவர் குனிந்தபடி அவர் பின்னாலேயே சுற்றினார். டிக்கி அருகே ஃபாதர் சட்டென்று திரும்பினார்.

"என்ன பண்றீங்க பர்னபாஸ்?"

"ஒண்ணும் இல்ல ஃபாதர். நீங்க தெளிங்க."

"நான் தெளிக்கத் தெளிக்க நீங்க துடைக்கிறீங்களா? ஆசீர்வாதத்தைத் துடைக்கிறீங்களா?"

அந்த நேரம் பார்த்தா நவநாள் முடிய வேண்டும்? கோயிலிலிருந்து கும்பலாக வந்த பெண்கள் படியிலேயே நின்றுவிட்டார்கள். நடுவில் மெட்டில்டா. பர்னபாஸ் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். துணியிலிருந்து தீர்த்தம் சொட்டுச் சொட்டாக அவர் செருப்பில் விழுந்தது.

மெட்டில்டா ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் அவள் வார்டில் நுழைவதற்குள் செய்தி நுழைந்திருந்தது. கால் முறிந்து படுத்திருந்த பாப்பம்மாள்கூடத் தலையைத் தூக்கி, "ஏம்மா சிஸ்டர், உங்க வீட்டுக்காரரு சாமி தீர்த்தத்தையே தொடச்சுப் போட்டாராமே? அவருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று அக்கறையாக விசாரித்தாள்.

அன்று மாலை மெட்டில்டா வீட்டுக்கு வந்து பெட்டியை அடுக்கினாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பர்னபாஸ் பயந்திருக்க மாட்டார்.

"நான் காலையில பூசை பார்த்துட்டு, அப்படியே பஸ்ல ஹனூருக்குப் போறேன். நீங்க வண்டியைப் பாத்துக்கிட்டு இருங்க."

"மெட்டில்டா... உதயகுமார் என்ன சொல்வாரு?"

"என்ன சொல்வாரு? எப்பவும் சொல்றதைச் சொல்வாரு. எனக்குக் கேட்டுப் பழக்கம்தானே." அவள் புடவையை மடித்துக்கொண்டே சொன்னாள். "கல்யாணம் ஆனதுலேர்ந்து உங்க ஸ்கூட்டர் பின்னாலயே உக்காந்தேன். மழையில நனைஞ்சுக்கிட்டு டியூட்டிக்குப் போயிருக்கேன். ஒரு நாளும் கார் கேக்கல. நீங்களா வாங்கினீங்க. எனக்காகன்னு நினைச்சேன். அது உங்களுக்காகக்கூட இல்லைங்க. அந்தப் பெயிண்டுக்காக."

பர்னபாஸ் வாசலுக்கு வந்தார். காரின் கதவில் அவர் முகம் தெரிந்தது, அதுவும் நல்ல தெளிவாக. எவ்வளவு பெரிய முட்டாளின் முகம் என்று அவருக்கே தெரிகிற அளவுக்குப் பாலிஷ் போட்டிருந்தார். கையில் நீலத் துணி இருந்தது. முதல் முறையாக அதைக் கொண்டு தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாக்ஸ் எரிந்தது.

வெள்ளிக்கிழமை காலைப் பூசை முடிந்து ஜனம் வெளியே வந்தபோது கார் கோயில் வாசலில், உச்சி முதல் டயர் வரை வெயிலில் திறந்து கிடந்தது. பெட்டியோடு பஸ்ஸுக்குக் கிளம்பிய மெட்டில்டா வாசலில் தயங்கி நின்றாள். பர்னபாஸ் எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னார்.

"ஃபாதர், புதன்கிழமை நான் பண்ணது தப்பு. புத்தி கெட்டுப் பண்ணிட்டேன். இன்னைக்கு நீங்க முறைப்படி மந்திரிக்கணும். குழாய்த் தண்ணியே போதும். உப்பும் போடுங்க. எவ்வளவு வேணும்னாலும் போடுங்க."

ஃபாதர் கிளைவ் முகத்தில் கோபம் இல்லை, துக்கம்தான் இருந்தது. கூட்டம் கூடியிருந்ததால் அது சின்னப் பிரசங்கமாகவே ஆகிவிட்டது.

"பர்னபாஸ், ஒரு தகரத்து மேல பூசின பெயிண்ட். அதுமேல இவ்வளவு பற்று வைக்கலாமா? இன்னைக்கு மின்னும், நாளைக்கு மங்கும். மனுசன் பளபளக்க வேண்டியது உள்ளே. வெளியே இல்ல. ஒரு புள்ளி விழுந்தா விழட்டுமே! என்ன குறைஞ்சுபோச்சு?"

பர்னபாஸ் தலையைக் குனிந்துகொண்டார். ஒவ்வொரு வார்த்தையும் சுரீரென்று தைத்தது. உண்மைதானே என்று தோன்றியது. படித்தவர், படித்தவர்தான்.

"ராயப்பா! வாளியைக் கொண்டா!"

இம்முறை ஃபாதர் தெளிப்பானைத் தொடவே இல்லை. ஜெபம் சொல்லி முடித்து, வாளியைத் தூக்கி, கூரை மேல் அப்படியே கவிழ்த்தார். மிச்சத்தைப் பானெட்டில் வீசினார். தீர்த்தம் கண்ணாடியில் வழிந்து, கதவில் ஓடி, பம்பரில் சொட்டியது. பர்னபாஸ் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். விரல்கள் துடித்தன. நீலத் துணியை வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

மெட்டில்டா காரைப் பார்க்கவில்லை. துடிக்கிற அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரத்தில் முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. பெட்டியைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள்.

"டிக்கியைத் திறங்க. எவ்வளவு நேரம் பெட்டியைத் தூக்கிக்கிட்டு நிக்கிறது?"

பர்னபாஸ் பறந்துபோய்த் திறந்தார். அவள் முன் கதவைத் தானே திறந்து, புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். இருக்கையைக் கையால் தடவிப் பார்த்தாள். நேரே நிமிர்ந்து சாலையைப் பார்த்தாள், ஏற்கெனவே ஹனூர் வந்துவிட்ட மாதிரி.

"நல்லாத்தாங்க இருக்கு" என்றாள்.

அது போதும் என்றிருந்தது பர்னபாஸுக்கு. மாதர் சங்கத்துப் பெண்கள் கை காட்டினார்கள். ஃபாதர், "போய்ட்டு வாங்க, போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, ஏதோ ஞாபகம் வந்தவர் மாதிரி அவசரமாகக் கோயிலின் பின்பக்கம் போனார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பானெட்டில் முதல் வெள்ளைப் புள்ளி காய்ந்து எழும்பியது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு கணக்கே இல்லை. கறுப்புக் கார் அவர் கண் முன்னாலேயே கோலமாவு கொட்டின மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. பர்னபாஸ் பார்த்தார். கை ஒரு முறை நீலத் துணியைத் தேடியது, அப்புறம் விட்டுவிட்டது. விழட்டும். ஃபாதர் சொன்னதுதான் சரி. பற்று விட்டுப்போன மனுசனுக்கு உடம்பு இவ்வளவு லேசாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் வெள்ளையே வாங்கியிருப்பார். ஏறி உட்கார்ந்து, சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பினார்.

காலி வாளியை எடுக்க வந்த ராயப்பா காரைச் சுற்றிப் பார்த்து, உச்சுக் கொட்டிக்கொண்டே ஜன்னலருகில் குனிந்தார்.

"பாவம் சார், இவ்வளவு புள்ளி விழுந்துடுச்சே! ஃபாதருக்கு நேத்து புது கார் வந்துச்சு, அதுவும் கறுப்புதான். பின்னால ஷெட்ல நிக்குது. தண்ணி பட்டா பெயிண்ட் போயிடும்னு என்னை வாளியே எடுக்க விடல சார், வெறும் கையால ஒரு சிலுவை போட்டு மந்திரிச்சு முடிச்சிட்டாரு!"